பழம் கிடைக்காதவன் மலை



போன கந்த சஷ்டி முடிஞ்ச மறுநாள், நம்ம குரூப்ல இருக்கிற ஒரு தம்பி எனக்குத் தனியா மெசேஜ் அனுப்பினான். ஆறு நாளும் விரதம் இருந்தவன். அந்த வாரம்தான் அவனுக்கு வேலைக்கான கடைசி ரவுண்டு இன்டர்வியூ. கிடைக்கல.

"அண்ணா, கோடிக்கணக்கான கேலக்ஸி இருக்குன்னு சொல்றாங்க. அவ்வளவு பெரிய பிரபஞ்சத்துல நான் ஒருத்தன் வேண்டினது முருகனுக்குக் கேட்டிருக்குமா? ரெண்டு வருஷம் படிச்சது, விரதம் இருந்தது எல்லாம் வீண்தானா?"

"எல்லாம் நன்மைக்கே"ன்னு டைப் பண்ணினேன். அனுப்பாம அழிச்சிட்டேன். எனக்கும் அப்படி ஒண்ணு நடந்திருக்கு. ரெண்டு வருஷம் ராத்திரி பகல் பாக்காம எழுதின ஒரு ப்ராடக்டை ரிலீஸுக்கு முந்தின வாரம் நிறுத்திட்டாங்க. ஒருத்தர்கூட பயன்படுத்தாத கோடு அது. அன்னைக்கு யாராவது என்கிட்ட "எல்லாம் நன்மைக்கே"ன்னு சொல்லியிருந்தா எனக்குக் கோபம்தான் வந்திருக்கும்.

தம்பி கேட்டதுல ரெண்டு கேள்வி இருக்கு. தனித்தனியா பார்ப்போம்.

முதல் கேள்வி, அளவு பற்றியது. அவன் பயந்ததுல தப்பில்ல. நம்ம பால்வெளி ஒரு சுருள் வடிவ கேலக்ஸி. அதோட ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒளி போய்ச் சேரவே சுமார் 1 லட்சம் வருஷம் ஆகும். முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்களா நாம கும்பிடுற நட்சத்திரக் கூட்டம் சுமார் 440 ஒளியாண்டு தூரத்துல இருக்கு. இந்தக் கணக்குல அது பக்கத்து வீடு. ஆண்ட்ரோமெடா கேலக்ஸியும் சுருள் வடிவம்தான், நம்மதைவிடப் பெரிசு. தூரம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு. 2019-ல கருந்துளை படம் வெளியாச்சே, அந்த எம்87 கேலக்ஸி சுருள் இல்லாத நீள்வட்ட வகை. அது 5 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால இருக்கு.

இதையெல்லாம் படிச்சா நாம ஒண்ணுமே இல்லன்னுதான் தோணும். ஆனா "இவ்வளவு பெரிய இடத்துல என் குரல் கேட்குமா"ன்னு கேட்கும்போது, முருகனை நாம ஒரு சர்வர் மாதிரி நினைச்சுக்கிறோம். ரிக்வெஸ்ட் அதிகமானா சர்வர் திணறும், தூரம் அதிகமானா பதில் தாமதமாகும். அது நம்ம மெஷினோட குறை. எங்கும் நிறைஞ்சவன்னு நம்பினா அவனுக்கு வரிசையும் கிடையாது, தூரமும் கிடையாது. ஆண்ட்ரோமெடாவுல இருக்கிறவன் இங்கயும் முழுசா இருக்கான். அதனால "கேட்டிருக்குமா"ங்கிற கேள்விக்குப் பிரபஞ்சத்தோட அளவை வச்சு பதில் சொல்ல முடியாது.

ரெண்டாவது கேள்விதான் கஷ்டம். கேட்டிருந்தா ஏன் கொடுக்கல? உழைச்சது வீணா?

இதுக்கு நம்ம புதுச்சேரியிலேயே ஒரு கதை இருக்கு. லெ ஜான்டீல்னு ஒரு பிரெஞ்சு வானியலாளர். சூரியனைக் கடந்து வெள்ளி போறதைப் பார்க்க 1760-ல பிரான்ஸிலிருந்து பாண்டிச்சேரிக்குக் கப்பல் ஏறினார். அதை அளந்தா சூரியனோட தூரம் தெரியும். நட்சத்திரம், கேலக்ஸின்னு அடுத்தடுத்து எல்லாத் தூரத்தையும் அளக்க அதுதான் முதல் படி. அவர் வழியில இருக்கும்போதே, 1761-ல பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிடுச்சு. கப்பல் திரும்பிடுச்சு. ஜூன் 6 அன்னைக்கு வானம் தெளிவாத்தான் இருந்தது. ஆனா ஆடுற கப்பல்ல நின்னுகிட்டு எதை அளக்க?

அடுத்த வாய்ப்பு 1769-ல. அதை விட்டா நூறு வருஷத்துக்கு மேல ஆகும். எட்டு வருஷம் காத்திருந்தார். பாண்டிச்சேரி திரும்பவும் பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்ததும், 1768-ல இங்க வந்து இடிஞ்ச கோட்டை மேல ஒரு வானாய்வுக் கூடம் கட்டினார். இன்னைக்கு பாரதி பூங்கா இருக்கிற பகுதியிலதான் அந்தக் கோட்டை இருந்தது. 1769 ஜூன் 4 காலையில மேகம் மூடிடுச்சு. வெள்ளி கடந்து முடிஞ்ச பிறகுதான் வெயில் வந்தது. ரெண்டு வாரத்துக்குப் பேனாவைப் பிடிக்கவே மனசு வரலன்னு எழுதியிருக்கார். 1771-ல ஊர் திரும்பினா, செத்துட்டார்னு முடிவு பண்ணி சொந்தக்காரங்க சொத்தைப் பங்கு போட்டுக்கிட்டிருந்தாங்க.

இந்த இடத்துல "அவருக்கு அதைவிடப் பெரிசா ஒண்ணு கிடைச்சது"ன்னு முடிச்சா நல்லாத்தான் இருக்கும். ஆனா அது பொய். அவர் அளக்க வந்ததைக் கடைசி வரைக்கும் அளக்கவே முடியல. அந்த மேகத்துக்கு ஈடா அவருக்கு எதுவும் வரல.

ஆனா இன்னொரு விஷயம் இருக்கு. 1749 அக்டோபர் 29 அன்னைக்கு, 24 வயசுல, அவர் ஆண்ட்ரோமெடா பக்கத்துல சின்னதா ஒரு மங்கலான திட்டைப் பார்த்துக் குறிச்சு வச்சிருந்தார். அது என்னன்னு அவருக்கும் தெரியாது, அந்தக் காலத்துல யாருக்குமே தெரியாது. 1923-ல எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரோமெடாவுல ஒரு துடிக்கிற நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்சு, அதை வச்சு அது தனி கேலக்ஸின்னு காட்டினார். அப்போதான் பக்கத்துல இருந்த அந்தத் திட்டும் ஒரு கேலக்ஸின்னு தெரிஞ்சது. எம்32, ஒரு குட்டி நீள்வட்ட கேலக்ஸி. தான் பார்த்தது ஒரு கேலக்ஸின்னு தெரியாமலேயே 1792-ல அவர் போய்ச் சேர்ந்துட்டார்.

இது அவருக்கு ஆறுதல்னு நான் சொல்ல வரல. எது பலன், எது வீண்னு கணக்குப் போடுற இடத்துல நாம இல்லைங்கிறதுதான் இதிலிருந்து எனக்குப் புரிஞ்சது. "வீண்"னு எழுதவும் நமக்குத் தகவல் போதாது, "நன்மைக்கே"ன்னு எழுதவும் போதாது.

அப்போ எதுக்கு விரதம், எதுக்கு உழைப்பு? விரதத்தை அட்வான்ஸ் பணமா நினைச்சா, பொருள் வராதப்போ ஏமாந்த மாதிரிதான் இருக்கும். ஆனா அன்புல செஞ்சது, செஞ்ச அன்னைக்கே முழுமையாயிடுது. பாக்கி எதுவும் இல்ல.

பழனிக் கதையை யோசிச்சுப் பாருங்க. மயில் மேல ஏறி உலகத்தையே ஒழுங்கா சுத்தி வந்தவன் நம்ம முருகன். திரும்பி வந்தா பழம் அண்ணனுக்குப் போயிடுச்சு. அவனுக்குக் கோபம் வந்தது. கதை அந்தக் கோபத்தை மறைக்கல. எல்லாத்தையும் விட்டுட்டு ஆண்டியா போய் மலையில நின்னான். அந்தப் பழம் கிடைக்காதவன் மலையைத் தேடித்தான் நாம காவடி எடுத்துப் போறோம். கை நழுவிப் போன வலி தெரிஞ்சவன்கிட்டதான் நாம பேசிக்கிட்டிருக்கோம்.

தம்பிக்கு நான் அனுப்பின பதில் இவ்வளவுதான்: "கேட்டிருக்கும்டா. ஏன் தரலன்னு எனக்குத் தெரியாது. கோபப்படு, தப்பில்ல. அடுத்த அமாவாசைக்கு மயிலம் போலாம் வா."

போனோம். தரிசனம் முடிஞ்சு கீழே இறங்கி, வெளிச்சம் குறைவா இருந்த ஒரு இடத்துல நின்னு வடக்குப் பக்கம் அண்ணாந்து பார்த்தோம். ஆண்ட்ரோமெடா ஒரு மங்கலான திட்டு மாதிரி தெரிஞ்சது. எம்32 வெறும் கண்ணுக்குத் தெரியாது. "அங்க இருக்குன்னு நம்பணுமா அண்ணா?"ன்னு சிரிச்சான். அந்த வாரத்துல அவன் சிரிச்சு நான் பார்த்தது அப்போதான். மறுநாள் இன்னொரு கம்பெனிக்கு அப்ளை பண்ணியிருக்கான். பதில் இன்னும் வரல.

வேலும் மயிலும் துணை!