பெற்றவரைக் கேளுங்கள், பிள்ளையை விடுங்கள்

2015 டிசம்பர். அமெரிக்க அதிபர் வேட்பாளர் ஆகும் போட்டியில் இருந்த செனட்டர் டெட் குரூஸ், தம் இரண்டு சிறு மகள்களையும் பிரசார விளம்பரத்தில் உட்காரவைத்தார். கிறிஸ்துமஸ் கதை வாசிப்பதுபோல் ஓர் அரசியல் நையாண்டி. ஹிலாரி கிளின்டனின் மின்னஞ்சல் விவகாரத்தைக் குத்திக்காட்டும் வரியை மூத்தவளே படித்தாள். சில நாளில் வாஷிங்டன் போஸ்ட் இணையதளத்தில் ஒரு கேலிச்சித்திரம் வந்தது: குரூஸ் குரங்காட்டி, மகள்கள் குரங்குகள். கண்டனம் எழுந்ததும் பத்திரிகை அதை நீக்கிவிட்டது. தகப்பனே பிள்ளைகளைப் பிரசாரத்துக்கு இழுத்த பிறகு அவர்களும் விமர்சனத்துக்கு உரியவர்களே என்பது வரைந்தவரின் வாதம்.

இதில் பாதிதான் நியாயம். பிள்ளையை மேடையேற்றியவரைக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் ஏழு வயதுக் குழந்தை எதற்குச் சம்மதித்தது? அப்பா படிக்கச் சொன்னார், படித்தாள். அவர் செய்ததற்கு அவளைக் குரங்காக வரைவது எந்த ஊர் நியாயம்?

இதைவிடச் சிக்கலானது 2008இல் நடந்தது. குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் 17 வயது மகள் கர்ப்பமாக இருப்பது தெரியவந்தது. எதிரணியின் ஒபாமா, குடும்பங்களைத் தொடாதீர்கள், பிள்ளைகளைத் தொடவே தொடாதீர்கள் என்றார். தம்மைப் பெற்றபோது தம் தாய்க்கு வயது 18 என்பதையும் நினைவூட்டினார். ஆனால், பள்ளிகளில் வெளிப்படையான பாலியல் கல்வியை ஆதரிக்க மாட்டேன் என்று சொன்னவர் பேலின். அப்படியானால் மகளின் நிலை கொள்கை சார்ந்த செய்தி ஆகாதா? வலுவான கேள்விதான். ஆனாலும் அந்தக் கொள்கை தவறு என்று நிறுவ ஒரு மாநிலத்தின் பள்ளிகளே போதும். ஒரு பெண்ணின் வயிற்றைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

அந்தப் போட்டியில் பேலினோடு நின்ற அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன். 1998இல் கிளின்டனின் மகளை வைத்து ஈனமான ஒரு நகைச்சுவை சொல்லி, பிறகு மன்னிப்புக் கேட்டவர் அவர். 2000இல் தெற்கு கரோலினாவில் நடந்த கட்சி வேட்பாளர் தேர்வின்போது, வங்கதேசத்திலிருந்து தத்தெடுத்த அவருடைய மகளை, அவருக்கு முறைதவறிப் பிறந்த கறுப்பினக் குழந்தை என்று வதந்தி பரப்பினார்கள். அங்கே அவர் தோற்றார். அந்தச் சிறுமியின் நிறம், இனவெறி கொண்ட வாக்காளர்களுக்கு வீசிய தூண்டில் ஆயிற்று. இப்படிச் செய்பவர்களை அரசியல் சாமர்த்தியசாலிகள் என்று சொல்வதை முதலில் நிறுத்த வேண்டும்.

வளர்ந்து, தாமே முடிவெடுத்து, பெற்றவரின் பதவி நிழலில் காசு பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. தந்தை துணை அதிபராக இருந்த 2014இல் ஹண்டர் பைடன் ஓர் உக்ரைன் எரிவாயு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். அந்த நிறுவனத்திடமிருந்து வந்த பணம் எதற்காக என்று கேட்பது குடிமக்களின் உரிமை. ஆனால் 2023 ஜூலையில், அவர்மீதான வரி விசாரணை குறித்து நாடாளுமன்றக் குழு சாட்சியம் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஓர் உறுப்பினர் அவருடைய அந்தரங்கப் படங்களை அட்டையில் ஒட்டித் தூக்கிக் காட்டினார். வரி கட்டினாரா இல்லையா என்பதற்கு அந்தப் படங்களில் பதில் எதுவும் இல்லை.