மீளத் தொடங்கலும் எஞ்சிய பொறுப்பும்

மறதி ஒருவனைக் கடப்பாட்டினின்றும் விடுவிக்குமா என்பது ஒழுக்கவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. யோன் லொக் 1694இல் வெளிவந்த தமது நூலின் இரண்டாம் பதிப்பில், ஒருவனது தற்தன்மை நனவின் தொடர்ச்சியிலேயே தங்கியுள்ளது என வாதிட்டார். அவ்வாறாயின், நினைவு அற்றுப்போனவிடத்துப் பழைய செயலுக்குப் பொறுப்பாளி யார்? கணனித்துறையில் நிகழும் ஒன்று இவ்வினாவுக்குத் தக்க உரைகல்லாகின்றது.

கணனி மீளத் தொடங்கும்போது அதன் முறைவழியாக்கி விதிக்கப்பட்ட தொடக்க நிலைக்குத் திரும்புதல் வேண்டும். 1978இல் வெளியான 8086 முறைவழியாக்கி, முகவரிப் பரப்பின் உச்சிக்கு 16 பைற்று கீழிருந்து தன் முதற் கட்டளையை எடுக்கும். அங்கு மின்சுற்றே பழைய நிலையை நீக்குகின்றது. மெய்நிகர் இயந்திரத்துக்கோ தனக்கெனச் சுற்று இல்லை. விருந்தினராய் இயங்கும் முறைமையின் முறைவழியாக்கி நிலை, விருந்தோம்பும் கணனி பேணும் குறிப்புகளாகவே உள்ளது. விருந்தோம்பி அழிக்க மறந்தது அழியாது.

2007இல் லினக்ஸ் கருவில் இணைந்த கே.வி.எம். முறையை நோக்குக. இதில் விருந்தினர் தன் நினைவகத்தில் ஓரிடத்தைச் சுட்டி, நேரத்தை அங்கு எழுதுமாறு விருந்தோம்பியைக் கேட்கலாம். பின்னர் விருந்தினர் மீளத் தொடங்கினால், அவ்விடத்தில் வேறு தரவு அமையக்கூடும். பழைய வேண்டுகோள் நீக்கப்படாவிடின் விருந்தோம்பி தொடர்ந்து எழுதும். புதிய முறைமையின் தரவு சிதையும். தீங்கு செய்ய எவரும் எண்ணவில்லை. எனினும் தீங்கு விளைகின்றது.

இதனைத் தவிர்க்க லினக்ஸ் விருந்தினர் நிறுத்தப்படுமுன் தன் வேண்டுகோளை மீளப்பெறுகின்றது. நினைவுள்ளபோதே கட்டை அவிழ்ப்பது நினைவுடையோன் கடன் எனலாம். ஆனால் திடீரென வீழ்வோனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அந்நிலையில் கடமை, குறிப்பைத் தன்னிடத்தே வைத்திருக்கும் விருந்தோம்பியைச் சாரும். புதிதாய் எழுந்தவனை அதற்காகக் குறைகூறல் நீதியாகாது; அவன் அவ்வேண்டுகோளை அறியான்.

எனவே லொக்கின் கொள்கை பழிக்கு உரியவன் யார் என்பதை ஓரளவு விளக்கலாம். கடப்பாடு எங்கு எஞ்சுகின்றது என்பதை விளக்காது. கடப்பாடு இருவரிடைப்பட்டது. ஒருவன் மறந்தாலும் மற்றவனிடத்து அது உயிர்வாழும். சிறைமீண்டோன் திருந்தி வாழ முனைந்தாலும், ஊரார் பழைய ஏட்டையே புரட்டுவராயின் அவனது புதுவாழ்வு சிதையும். புதிய தொடக்கம் தொடங்குவோனால் மட்டும் நிறைவுறுவதில்லை. ஏட்டை வைத்திருப்போரும் அதனை மூடுதல் வேண்டும்.