தாங்குவோர் வலியும் தாக்குவோர் பழியும்

தீங்குற்றவர் அத்தீங்கைத் தாங்கிப் பிழைத்தாராயின், அதனைச் செய்தவர் பழி குறையுமோ? இவ்வினாவைக் கடலில் வாழும் ஒரு சிற்றுயிரை முன்னிட்டு ஆராய்வாம்.

கொப்பிபொட்டு என்பன இறால், நண்டு ஆகியவற்றின் பேரினத்தைச் சேர்ந்தன; பெரும்பாலன ஒரு மில்லிமீற்றர் அளவின. கண்ணுக்குப் புலனாகாத பாசியை இவை உண்ணும். இவற்றைச் சிறுமீன்கள் உண்ணும். சிறுமீன்களைப் பெருமீன்கள் உண்ணும். மனிதர் நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரித்தலால் எழுங் கரியமிலவாயு உலகை வெப்பமாக்குகின்றது. அதனோடு, ஏறத்தாழ நாலிலொரு பங்கு கடலிற் கரைந்து நீரின் புளிப்பையும் மிகுவிக்கின்றது.

அமெரிக்காவிலே கனெற்றிகட் பல்கலைக்கழகத்து ஹான்ஸ் டாம் என்பாரும் பிறரும் அக்காற்றியா ரொன்சா என்னும் கொப்பிபொட்டை ஏறக்குறைய ஓராண்டில் 25 தலைமுறை வளர்த்து, தாங் கண்டவற்றை 2021ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நீரின் வெப்பம் 18 பாகையினின்று 22 பாகையாகவும், கரியமிலவாயு ஐந்து மடங்காகவும் உயர்த்தப்பட்டன. முதலில் முட்டையிடுதலுங் குஞ்சுபொரித்தலுங் குன்றினமையால், குலம் பெருகும் வலி நூற்றுக்கு 56 பங்கு வீழ்ந்தது. மூன்றாந் தலைமுறையளவில் அவ்விரண்டும் மீண்டன. அதன்பின் குறைவு சராசரி 9 பங்காகச் சுருங்கிற்று.

“இயற்கை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும், நாம் அஞ்சுவதென்னை?” என்பாருமுளர். அது பொருந்தாது. மீண்டது குலமேயன்றி, பொரியாதொழிந்த முட்டைகள் அல்ல. பின்வந்தோர் வாழ்வு முன்மாய்ந்தோர் இழப்பை இல்லாததாக்குமோ? மேன்மடையில் நீரை மறித்தவன், கீழ்வயற்காரன் நகையை விற்றுப் பிழைத்தமை கண்டு, “யான் கெடுதி செய்திலேன்” என்பனாயின், அறிவுடையோர் ஒப்புவரோ?

அன்றியும், அம்மீட்சி விலைகொடுத்துப் பெற்றதாம். வெப்பமும் புளிப்பும் ஒருங்கு கூடிப் பிற்றலைமுறைகளில் உயிர்பிழைத்தலைக் குறைத்தமையால், முழுமீட்சி வாய்த்திலது. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோராய்வில், 20 தலைமுறை அந்நீருக்குப் பழகிய உயிர்களை முன்னை நீரில் விட்டபொழுதும், உணவைச் சுருக்கியபொழுதும், அவை முட்டை குறைந்து பெருக்கங் குன்றின. ஒரு துன்பத்துக்குத் தன்னை ஒப்புவித்த உயிர் பிறிதொரு துன்பத்தின்முன் மெலிகின்றது. மேலும், ஓராண்டில் 25 தலைமுறை காணும் பேறு எல்லாவுயிர்க்கும் இல்லை. பல்லாண்டு கழிந்தே கருவுறுஞ் சுறாக்கள் அத்துணை விரைவில் மாறுதல் யாங்ஙனம்?

ஆதலின், தாங்கும் வலி தாங்குவோர்க்குரிய செல்வமேயன்றி, தாக்குவோர் கணக்கில் வரவு வைக்கத்தக்கதன்று. அவ்வலியைக் கண்டு நாம் ஆறுதலடையலாம். அதன்மேற் சுமையேற்ற உரிமை பெற்றோமல்லேம். புகையைக் குறைக்குந்தோறும் அச்சிற்றுயிர்க்குக் காலம் நீளும். அக்காலத்தை ஈதல் அருளன்று. கடனென்றே அறிந்து ஒழுகுவோமாக.