தெருவில் அழுதவர்கள்

1373ஆம் ஆண்டு, தான் இறப்பதற்கு ஓராண்டு முன்பு, இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் பாதுவா நகரின் ஆட்சியாளர் பிரான்செஸ்கோ தா கர்ராராவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நல்லாட்சி எப்படி இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். சதுப்பு நிலங்களின் நீரை வடிக்க வேண்டும், தெருக்களில் பன்றிகள் திரிவதைத் தடுக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வருபவர் கடைசியில் பெண்களிடம் வந்து சேர்கிறார். யாராவது இறந்தால் பெண்கள் கூட்டமாகத் தெருவுக்கு வந்து ஓலமிடுகிறார்கள். விவரம் அறியாத ஒருவர் கேட்டால் நகரம் பகைவர் கையில் விழுந்துவிட்டதென்றே நினைப்பார். இதை நிறுத்த ஆணையிடுங்கள். அழுவதில் ஆறுதல் உண்டென்றால் வீட்டுக்குள் அழட்டும். இதுதான் அவருடைய வேண்டுகோள்.

இந்தக் கடிதத்தை என்னால் அவருடைய கவிதைகளிலிருந்து பிரித்து வாசிக்க முடிவதில்லை. அவர் நேசித்த லாரா 1348இல், கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடிய ஆண்டில், இறந்துபோனார். அந்த நாளைத் தன்னிடமிருந்த வர்ஜிலின் கையெழுத்துப் பிரதியில் பெத்ரார்க் குறித்துவைத்தார். 366 கவிதைகள் கொண்ட அவருடைய தொகுப்பின் இரண்டாம் பகுதி பெரிதும் லாராவுக்கான இரங்கல்தான். அந்தத் தொகுப்பைச் சாகும்வரை திருத்திக்கொண்டும் அடுக்கிக்கொண்டும் இருந்தார். ஒரு பெண்ணின் சாவை இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அழுத மனிதருக்கு, பாதுவாவின் பெண்கள் சவ ஊர்வலம் முடியும்வரை அழுவது பொறுக்கவில்லை.

இதைப் பாசாங்கு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அவர் இதில் முரண் எதையும் கண்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஒன்று அவருக்கு இலக்கியம், மற்றது இரைச்சல். அப்படியானால் கேள்வி வேறு: இறந்தவரை நினைக்கும் வழிகளில் எது பண்பாடு, எது கூச்சல் என்று யார், எதைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள்?

துக்கத்தை அடக்க வேண்டும் என்பதற்கு அன்று இரண்டு நியாயங்கள் சொல்லப்பட்டன. உயிர்த்தெழுதலை நம்புகிறவர் இப்படிக் கதறக் கூடாது என்றது கிறித்தவம். தன்னை ஆளத் தெரிந்தவனே பிறரை ஆளத் தகுந்தவன் என்றது பழைய ரோமானியத் தத்துவம். இரண்டையும் நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். அடக்கத்திலும் அன்பு உண்டு. ஆனால் இந்த அடக்கம் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கப்படவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆர்வியெட்டோ நகரில் சாவு வீட்டில் உரக்க அழுததற்காகத் தண்டம் கட்டியவர்கள் ஆண்கள். ஆண்களும் கதறியழுத மண்தான் அது. ஓலமிடுவது பெண்களின் இயல்பு, அடக்கம் ஆண்களின் பண்பு என்ற பிரிவினை பிறகுதான் இறுகுகிறது. அழுகை முதலில் தரம் தாழ்த்தப்பட்டது. பின்பு பெண்களுடையது ஆக்கப்பட்டது.

ஓலத்தின் இடத்தை நிரப்ப வந்தவற்றில் ஒன்று பளிங்கு. லூக்கா நகரின் பேராலயத்தில் இலாரியா தெல் கர்ரெத்தோவின் நினைவுச் சின்னம் இருக்கிறது. 1405இல், இரண்டாவது பிரசவத்துக்குப் பின் இறந்த இளம்பெண். சிற்பி யாக்கோபோ தெல்லா குவேர்ச்சா அவரை உறங்குபவர்போல் கிடத்தியிருக்கிறார். காலடியில் ஒரு நாய், விசுவாசத்தின் அடையாளமாக. அழகில் குறை சொல்ல முடியாத சிற்பம். செய்வித்தவர் கணவரான பாவ்லோ குயினிஜி, அந்நகரின் ஆட்சியாளர்; நான்கு முறை மணந்தவர், இலாரியா இரண்டாம் மனைவி. பிரசவத்தின் வலியோ ரத்தமோ அந்தக் கல்லில் இல்லை. அவர் எதில் இறந்தாரோ, அதைத் துடைத்த பிறகே அவர் நினைவுக்குரியவர் ஆகிறார்.

தெருவிலும் இல்லாமல் பளிங்கிலும் இல்லாமல் இன்னொரு துக்கம் இருந்தது. ஃப்ளோரன்ஸ் நகரத்து அலெசாந்த்ரா ஸ்த்ரோஸி என்ற தாயின் துக்கம். கணவர் மத்தேயோ நாடு கடத்தப்பட்ட இடத்தில் 1435இல் இறந்தார். அதன்பின் பிறந்த மகனுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இறந்தவரின் பெயரைக் குழந்தைக்கு இடுவதை அவரை 'மீண்டும் உண்டாக்குதல்' என்று சொல்வது அங்கே வழக்கம். அப்படி மீண்டும் உண்டான மத்தேயோவை வணிகம் பழக அனுப்ப அவருக்கு மனமில்லை, அனுப்ப வேண்டியிருந்தது. 1459இல் நேப்பிள்ஸில், இருபத்து மூன்று வயதில், அவன் இறந்தான். உடலைத் தொடக்கூட அம்மாவுக்கு வாய்க்கவில்லை. அவர் இன்னொரு மகன் பிலிப்போவுக்குக் கடிதம் எழுதினார். மத்தேயோவுக்கு மருத்துவம் கிடைத்தது, பாவமன்னிப்புக் கேட்க நேரம் கிடைத்தது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். இருப்பவனின் உடல்நலத்தைப் பற்றிக் கவலைப்பட்டார். வணிகக் குடும்பம் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருந்ததால் அவருடைய கடிதங்கள் பிழைத்தன, 1877இல்தான் நூலாயின. அது இரங்கற்பா அல்ல. பெருந்துக்கத்தின் நடுவிலும் மீதமிருக்கும் பிள்ளையைக் காப்பாற்ற நினைக்கும் ஒரு தாயின் வேலை. இதையும் நினைவுகூரல் என்று சொல்ல நமக்கு ஏன் இவ்வளவு காலம் ஆகிறது?

பெண்ணின் துக்கம் இலக்கியமாக ஏற்கப்பட்ட கதையும் உண்டு. 1525இல் கணவரை இழந்த விட்டோரியா கொலோன்னா அவருக்காகக் கவிதைகள் எழுதினார். 1538இல் பார்மாவில், அவருடைய அனுமதி இல்லாமலே, அவை அச்சேறின. இத்தாலியில் ஒரு பெண்ணின் கவிதைகள் மட்டுமே கொண்டு அச்சில் வந்த முதல் நூல் அதுதான். அவர் கையாண்ட வடிவம் பெத்ரார்க்கின் சொனெட். பெண்களை வீட்டுக்குள் அழச் சொன்னவரின் வடிவத்தை எடுத்துக்கொண்டுதான் ஒரு பெண் வெளியே அழ முடிந்தது. அதுவும் உயர்குடிப் பெண், புகழ்பெற்ற படைத்தலைவருக்காக. கவிதை எழுதுகிறவளாக இந்த வெற்றியில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. அதன் விலையையும் மறக்க முடியவில்லை.

பெத்ரார்க்கின் கவிதைகளை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவற்றோடு அந்தக் கடிதத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்கிறேன். இறந்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அவர்களை மறக்காதிருப்பது மட்டுமல்ல. அவர்களுக்காக யார் எப்படி அழுதாலும் அந்த அழுகையைக் கீழானது என்று சொல்லாதிருப்பதும் அந்தக் கடனில் சேர்த்தி.

பாதுவாவின் தெருக்களில் ஓலமிட்ட பெண்களின் பெயர்கள் அந்தக் கடிதத்தில் இல்லை. அவர்கள் யாருக்காக அழுதார்கள் என்பதும் இல்லை. அவர்களுடைய குரல் எவ்வளவு பெரிதாக ஒலித்தது என்பது மட்டும், அதைப் பொறுக்காத ஒருவரின் புகாரில் இருக்கிறது. நகரமே வீழ்ந்ததுபோல் கேட்டது என்று அவர் குறைபட்டார். பிள்ளையைப் பறிகொடுத்துத் தெருவுக்கு ஓடி வந்தவளுக்கு அது மிகையாகத் தோன்றியிருக்காது.