முதல் மிடறு

நான் சொன்ன முதல் வார்த்தையே பொய்.

ஆரிகன் மாநிலத்தில் ஹில்ஸ்பரோ என்ற ஊருக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் சிப் செய்யும் பெரிய தொழிற்சாலைகள் உள்ள ஊர் என்பதால் தமிழ்ப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. என்னோடு வேலை பார்த்த கோவில்பட்டி அண்ணன் ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், "வா தம்பி, ஒரு எடம் காட்டுறேன்" என்று கூட்டிப்போனார். பழைய கார் பட்டறையை மாற்றிக் கட்டிய சின்ன ப்ரூவரி. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நான்கு எஃகுத் தொட்டிகள், இந்தப் பக்கம் எட்டு மேஜைகள், சுவரில் சாக்பீஸால் எழுதிய பட்டியல். அண்ணன் இரண்டு ஐ.பி.ஏ. வாங்கி வந்தார். இந்தியா பேல் ஏல் என்பதன் சுருக்கம். வெளிர் செம்பு நிறம், மேலே ஒரு விரல்கடை நுரை. மூக்கருகே கொண்டுபோனால் பம்பளிமாஸ் தோலை உரித்த வாசனை. ஆசையோடு ஒரு மிடறு விழுங்கினேன். அடுத்த நொடி தொண்டைவரை நிலவேம்புக் கஷாயம்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குண்ணே."

இரண்டு வருஷம் கழித்து, அதே இடத்தில், அதே பீரைக் குடித்துவிட்டு அதே வாக்கியத்தைச் சொன்னேன். இந்த முறை அது உண்மை. செய்முறை மாறவில்லை என்று அங்கே வடிப்பவரே சொன்னார். அப்படியானால் நடுவில் மாறியது எது? பீரின் ருசியா, நானா? அல்லது சொல்லிச் சொல்லி என் பொய்யை நானே நம்பிவிட்டேனா? இந்தக் கேள்வியை விளையாட்டாகத்தான் மனதுக்குள் வைத்திருந்தேன். அது விளையாட்டல்ல என்று புரியவைத்தது அம்மா. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் கசப்பைத் தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. எங்கள் ஊரிலிருந்து கொஞ்சம் தெற்கே போனால் வில்லமெட் பள்ளத்தாக்கில் தோட்டம் தோட்டமாகப் பார்க்கலாம். கம்பம் நட்டு, கயிறு கட்டி, 18 அடி உயரத்துக்கு ஏற்றிவிட்டிருப்பார்கள். முதலில் பார்த்தபோது சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்தான் ஞாபகத்துக்கு வந்தது. பெண்கொடியில் மட்டும் காய்க்கும் பச்சைக் கூம்புகள். பிய்த்தால் உள்ளே மஞ்சள் பொடி. கசப்பும் வாசனையும் அந்தப் பொடியில்தான். கொதிக்கும் மால்ட் சாற்றில் ஒரு மணி நேரம் வேகவிட்டால் கசப்பு இறங்கும், வாசனை ஆவியாகிப் போய்விடும். கடைசி நிமிஷத்தில் போட்டால் வாசனை தங்கும், கசப்பு குறையும். நொதித்து முடிந்த பிறகு சூடில்லாமல் ஊறப்போட்டால் பெரும்பாலும் வாசனைதான். ரசத்தை நுரை கட்டியதும் இறக்குகிற கணக்கு தெரிந்தவர்களுக்கு இது புரியாத வித்தையல்ல. அமெரிக்க ஐ.பி.ஏ.க்கு அந்தப் பம்பளிமாஸ் வாசனையைப் பழக்கிய கேஸ்கேட் என்ற ரகத்தை, 1972இல், இதே மாநிலத்தின் கார்வாலிஸ் ஊரிலிருந்து வெளியிட்டார்கள்.

பெயரில் இந்தியா இருக்கிறதே என்று யாரும் பூரிக்க வேண்டாம். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் லண்டனிலிருந்து சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் போன பல பீர்களில் ஒன்று அது. பல மாதக் கடல் பயணம். பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்ட வேண்டும். ஹாப்ஸுக்குச் சில பாக்டீரியாக்களை அடக்கும் குணம் உண்டு என்பதால் பீர் கெடாமல் இருக்கக் கூடுதலாகச் சேர்த்தார்கள். போ என்ற இடத்தில் இருந்த ஹாட்ஜ்சன் ப்ரூவரி கப்பல் கேப்டன்களுக்கு நீண்ட நாள் கடனுக்குக் கொடுத்து முதலில் சந்தையைப் பிடித்தது. 1820களில் பர்ட்டன் ஊர்க்காரர்கள் போட்டிக்கு வந்தார்கள். குடித்தவர்கள் துரைமார்கள். நமக்கு அதில் பங்கு, பெயர் மட்டும்தான்.

கசப்புக்கு வருகிறேன். மனித நாக்கில் இனிப்பை அறிய ஒரே வகை வாங்கிதான். கசப்பை அறிய சுமார் 25 வகை. காரணம் எளிது: செடிகளின் நஞ்சு பெரும்பாலும் கசக்கும். கசந்தால் துப்பு என்பதுதான் பிறந்த குழந்தைக்கும் உடம்பு சொல்லியனுப்பும் பாடம். ஆனாலும் நாம் பாகற்காய் தின்கிறோம், சுண்டைக்காய் வற்றலை நெய்யில் வறுக்கிறோம், சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடி வைக்கிறோம். உடம்பு வேண்டாம் என்றதை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பாகற்காயைப் பழக்கியது அம்மா. முதலில் வெல்லம் போட்டு, அடுத்த வருஷம் வெல்லத்தைக் குறைத்து, பிறகு புளி மட்டும். எந்தத் தேதியில் எனக்குப் பாகற்காய் பிடித்துப்போனது என்று கேட்டால் தெரியாது.

அமெரிக்கத் தத்துவவாதி டேனியல் டென்னட், 1988இல் எழுதிய ஒரு கட்டுரையில், இந்த இடத்தைத்தான் கிளறுகிறார். ஒரு காபி கம்பெனியில் ருசி பார்க்கும் வேலையில் இரண்டு பேர். இருவருக்கும் இப்போது அந்தக் காபி பிடிக்கவில்லை. ஒருவர், ருசி அதேதான், என் ரசனை மாறிவிட்டது என்கிறார். மற்றவர், என் ரசனை அப்படியே இருக்கிறது, நாக்குதான் மாறிவிட்டது, எனக்கு அது இப்போது வேறு மாதிரி ருசிக்கிறது என்கிறார். இந்த இரண்டு பேச்சுக்கும் உண்மையில் வித்தியாசம் இருக்கிறதா, அவர்களுக்கே அதை உள்ளே பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்கிறார் டென்னட். பீரையும் இழுக்கிறார். பழகப் பழகப் பிடிக்கும் என்கிறோமே, பிடித்தது எந்த ருசி? முதல் மிடறின் ருசி என்றால் அது யாருக்கும் பிடிக்காது. வேறொரு ருசி என்றால், பழகியது பழைய ருசிக்கு அல்ல. பழைய ருசி தொலைந்துபோனது, அவ்வளவுதான். அவர் போகிற முடிவு, பீரைத் தாண்டி, மனசுக்குள் ருசி என்று தனியாக ஒரு வஸ்து இருக்கிறது என்ற நம்பிக்கையையே ஆட்டிவிடுவது. அவ்வளவு தூரம் என்னால் போக முடியவில்லை. ஆனால் என் முதல் மிடறை இன்று என்னால் திரும்ப எடுக்க முடியாது என்பது மட்டும் உண்மை. நிலவேம்பு என்று எழுதுகிறேன். நாக்கு ஒத்துழைக்க மறுக்கிறது.

டேவிட் ஹ்யூம் 1757இல் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதியபோது, டான் குயிக்ஸாட் நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துக்கொண்டார். சாஞ்சோவின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் ஒரு பீப்பாய் ஒயினை ருசி பார்க்கிறார்கள். நல்ல ஒயின்தான், லேசாகத் தோல் வாடை என்கிறார் ஒருவர். இல்லை, இரும்பு வாடை என்கிறார் மற்றவர். எல்லோரும் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வாரில் கோத்த ஒரு சாவி கிடக்கிறது. கோவில்பட்டி அண்ணனுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். "இருக்கிறதத்தான் தம்பி சொல்றோம். இல்லாதத அளக்கல" என்பார். உண்மைதான். அவர் சொல்லித்தந்து நான் அந்தப் பீரில் தனியா வாசனையைக் கண்டுபிடித்தேன். அது கற்பனை அல்ல. தனியாவின் வாசனைக்குக் காரணமான லினலூல் ஹாப்ஸிலும் இருக்கிறது. அன்றைக்கு ஒரு கர்வம் வந்தது பாருங்கள்.

அந்தக் கர்வத்துக்குப் பின்னால் வேறு ஒன்று ஒளிந்திருந்தது. எங்கள் அப்பா குடிப்பவர். தினம் ஒரு குவார்ட்டர் பிராந்தி. ஒயின்ஷாப் வாசலில் நின்றபடியே தண்ணீர் கலந்து, கண்ணை மூடி, முகத்தைச் சுளித்து, ஒரே மூச்சில் ஊற்றிக்கொள்வார். அடுத்த நொடி ஊறுகாய். அவர் அதை ருசித்து நான் பார்த்ததே இல்லை. 54 வயதில் கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். அதனால் 27 வயதுவரை நான் தொட்டதில்லை. தொட்ட பிறகு எனக்குள் ஒரு சமாதானம் தயாராக இருந்தது: அப்பா குடித்தது போதைக்கு, நான் குடிப்பது ருசிக்கு. முகர்ந்து பார்க்கிறவன், நுரையின் நிறத்தைக் கவனிக்கிறவன், தனியா என்று சொல்கிறவன் எப்படிக் குடிகாரன் ஆவான்?

போன கோடையில் அம்மா ஆறு மாதம் எங்களோடு வந்து தங்கினார். நான் மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, வழக்கம்போல ஒரு நிமிஷம் மூக்கருகே வைத்திருந்தேன். அம்மா சோபாவில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னடா, மருந்து மாதிரி மோந்து பாக்குற?"

ருசிக்காகக் குடிக்கிறதும்மா, அப்பா மாதிரி இல்லை என்று ஆரம்பித்து, ஹாப்ஸ், தனியா, கார்வாலிஸ் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கீரையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "ருசிக்குன்னா ஒன்னு போதும்ல? எதுக்கு ரெண்டாவது?"

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். குவார்ட்டர் என்பது 180 மில்லி; நம் ஊர் பிராந்தியில் 42.8 சதவீதம் சாராயம். ஆக 77 மில்லி. என் பீர் 6.8 சதவீதம், இந்த ஊர் பைண்ட் 473 மில்லி, ஆக 32 மில்லி. இரண்டரை பைண்ட் குடித்தால் அப்பாவின் ஒரு குவார்ட்டர். அண்ணனோடு உட்கார்ந்த வெள்ளிக்கிழமைகளில் மூன்று என்பது எங்களுக்குச் சாதாரணம். அப்பா தினமும், நான் வாரத்துக்கு ஒரு நாள் என்பது பெரிய வித்தியாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் சொல்லிக்கொண்டிருந்த வித்தியாசம் அது அல்லவே. நாளைக் கணக்கிட்டு நான் பேசவில்லை, நாக்கைக் காட்டிப் பேசினேன்.

இங்கேதான் எனக்கு டென்னட்டின் கேள்வி வேறு மாதிரி திரும்பியது. எனக்குக் கசப்பைப் பழக்கியது யார்? பாகற்காய்க்கு அம்மா இருந்தார், வெல்லம் இருந்தது. ஐ.பி.ஏ.க்கு வெல்லம் எது? அண்ணனின் பேச்சு, வெள்ளிக்கிழமையின் ஓய்வு, அந்நிய ஊரில் ஒரு மேஜை என்று நிறையச் சொல்லலாம். எல்லாம் உண்மை. ஆனால் ஒரு சுவைக்குப் பின்னால் உடம்புக்கு ஒரு சுகம் தவறாமல் வந்தால், உடம்பு அந்தச் சுவையையே விரும்பத் தொடங்கிவிடும் என்பது எலிகளிலிருந்து மனிதர்வரை திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். காபியின் கசப்பைக் காஃபின் பழக்குவது அப்படித்தான். ஆக என் ரசனையின் ஆசிரியர்களில் ஒருவர், அநேகமாகத் தலைமை ஆசிரியர், சாராயமேதான். அப்பாவுக்கும் அதே வாத்தியார். அவர் பாடத்தின் நடுவே முகத்தைச் சுளித்தார், நான் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் விடவில்லை. "சொல்லிக்குடுத்தது யாரா இருந்தா என்ன தம்பி? ஏணி மேல ஏறியாச்சு, ஏணிய ஏன் பாக்குற? இப்ப ஒனக்கு வாசனை தெரியுதா இல்லியா?" நியாயமான கேள்வி. ஒரு ஆசை எங்கிருந்து வந்தது என்பதை வைத்து அது பொய் என்று சொல்லிவிட முடியாது. பயத்தில் கணக்குப் படித்தவனுக்கும் கணக்கு அழகாகத் தெரியலாம். ஆனால் ஏணியை எடுத்துவிட்டுப் பார்க்காமல், நிற்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

எடுத்துப் பார்க்க வழி இருந்தது. சாராயம் நீக்கிய ஐ.பி.ஏ. இப்போது கடைகளில் கிடைக்கிறது. அரை சதவீதத்துக்கும் கீழே. அதே ஹாப்ஸ், அதே கசப்பு. ஆறு டின் வாங்கி வந்தேன். உடம்பு கொஞ்சம் மெலிவுதான். சாராயம் தரும் கனம் இல்லை, வாசனை சீக்கிரம் கலைகிறது. மற்றபடி சும்மா சொல்லக்கூடாது, அருமையாக இருந்தது. முதல் டின்னை முழுக்க ருசித்துக் குடித்தேன். தனியா இருந்தது, பம்பளிமாஸ் இருந்தது. இரண்டாவது டின்னைத் திறக்கத் தோன்றவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் ஒன்றோடு நின்றுவிட்டது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, அதை எடுக்கப் போன கை, பக்கத்தில் இருந்த மற்றதை எடுத்தது.

ஆக, அண்ணன் சொன்னது பொய்யில்லை. ருசி என்று ஒன்று இருக்கிறது, அதற்காக நான் ஒரு தம்ளர் குடிப்பேன். அம்மா கேட்ட அந்த இரண்டாவது தம்ளருக்குத்தான் வேறு பெயர். கண்டுபிடிப்பது வேறு, பிடித்துப்போவது வேறு, விட முடியாதது வேறு. மூன்றையும் ருசி என்ற ஒரே சொல்லில் சுருட்டி வைத்திருந்தேன்.

அம்மா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம், நான் தம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது, "இங்க குடு, நானும் மோந்து பாக்குறேன்" என்றார். வாழ்நாளில் அந்த வாடையை விட்டு விலகிப் போனவர். தம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடி, நிதானமாக முகர்ந்தார்.

"மாங்காக் காம்பக் கிள்ளுனா வடியுமே பாலு, அந்த வாசம்."

நான் வாங்கி முகர்ந்தேன். அதேதான். ஊறுகாய்க்கு மாங்காய் அரியும் நாட்களில் வீடு முழுக்க நிற்கும் அந்தப் பிசின் வாசம். இத்தனை வருஷமாக அண்ணனுக்கும் எனக்கும் பெயர் கிடைக்காமல் இருந்தது அதுதான். நாவில் ஒரு சொட்டுப் படாமல், ஒரே முகர்வில், பீப்பாய்க்கு அடியில் கிடந்த சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"குடிச்சுப் பாக்குறியாம்மா? இது அது இல்லாதது."

"வேணாம்." தம்ளரை நீட்டினார். பிறகு, "இதுல அது இல்லியா?" என்றார்.

"இல்லம்மா."

"அப்ப பிரிட்ஜில இன்னொன்னு எதுக்கு வச்சிருக்க?"

பெட்டி கட்டுகிற வேலை இருந்தது. எழுந்து போனேன். அம்மாவும் திரும்பக் கேட்கவில்லை. பிரிட்ஜில் இந்த வகை மூன்று, அந்த வகை நான்கு டின் இன்னும் இருக்கின்றன. இன்று வியாழக்கிழமை.