நெய்யாத வரிகள்

பாலராமபுரத்துச் சாலியர் தெருக்களில், திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா ஆட்சியில் (1798–1810) தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய நெசவாளர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் குழித்தறியில் நெய்கிறார்கள். மங்கலான தறிக்கூடத்தில் எல்.இ.டி. குழல்விளக்கின் கீழ் எடுக்கும் படங்களில் இரண்டு குறைகள் சேர்ந்தே வரும். கோரா நிறத் துணியின் மேல் மணல் தூவினாற்போலப் புள்ளிகள். குறுக்கே, தறியில் எவரும் நெய்யாத வரிகள். இரண்டையும் கேமராவின் ஐ.எஸ்.ஓ. அமைப்பின் தலையில் கட்டுவது வழக்கம். அது பொருந்தாது.

முதலில் புள்ளிகள். ஒளி ஃபோட்டான்களாக, ஒழுங்கற்ற இடைவெளிகளில் வந்து விழுகிறது. ஓர் உணர்புள்ளியில் சராசரியாக 100 ஃபோட்டான்கள் சேருமானால் ஏற்ற இறக்கம் 10. அதாவது பத்து விழுக்காடு. 10,000 சேர்ந்தால் 100, ஒரு விழுக்காடுதான். ஆகவே எத்தனை விலையுயர்ந்த கேமராவும் இருட்டில் இதிலிருந்து தப்பாது. ஐ.எஸ்.ஓ.வை உயர்த்துவது, சேர்ந்துவிட்ட சமிக்ஞையைப் பெருக்குவது மட்டுமே. குறைந்த ஒளியே குற்றவாளி. சொல்லப்போனால், இருட்டாக எடுத்துப் பின்னர் கணினியில் வெளுப்பாக்குவதைவிட, எடுக்கும்போதே ஐ.எஸ்.ஓ.வை உயர்த்துவது பல கேமராக்களில் நல்லது.

வரிகளின் கதை வேறு. உணரி, படத்தை வரிசை வரிசையாகப் படிக்கிறது. படிக்கும் மின்சுற்றில் நேரும் சிறு அலைவு ஒரு வரிசை முழுவதையும் ஒருசேரத் தொடும். நிழற்பகுதியை வெளுப்பாக்கினால் அது கோடாக எழும். தற்செயல் புள்ளிகளைக் கண் பொறுத்துக்கொள்கிறது, அவற்றைவிட மெல்லிய கோட்டைப் பொறுப்பதில்லை.

ஆனால் தறிக்கூடத்தில் மிகுதியாகக் காணும் அகன்ற பட்டைகளுக்கு விளக்கே காரணம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி. நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. மின்னணு ஷட்டரில் உணரியைப் படித்து முடிக்க 1/30 நொடி ஆகுமானால், அதற்குள் மூன்று துடிப்புகளுக்குமேல் கடந்துவிடும். 1/250 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தால் சில வரிசைகளுக்கு உச்ச ஒளி, சிலவற்றுக்கு மங்கல் ஒளி. பூவேலையற்ற கோராத் துணி இதை மறைப்பதுமில்லை.

1/100 நொடி வைத்தால் ஒவ்வொரு வரிசைக்கும் முழுத் துடிப்பு ஒன்று கிடைக்கும், பட்டைகள் மறையும். ஒளியும் 2.5 மடங்கு சேர்வதால் புள்ளிகளும் குறையும். ஊடிழையைச் சுமந்து ஓடும் நாடா கலங்கித் தெரியுமே என்பீர்கள். நாடா ஓரத்தை எட்டி, திரும்புமுன் ஒரு கணம் நிற்கிறது, அப்போது அழுத்துங்கள்.