நாற்காலி யாருடையது?

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. முதல் அத்தியாயத்தில் ஒரு பாத்திரத்தைக் கொண்டு வந்துவிட்டால், கடைசியில் அவன் என்ன ஆனான் என்பதைச் சொல்லியாக வேண்டும். நடுவில் மறந்துவிட்டால் வாசகர்கள் விடமாட்டார்கள். "அந்தக் கணக்குப்பிள்ளை என்ன ஆனார்?" என்று கடிதம் எழுதிக் கேட்பார்கள். கற்பனைக் கணக்குப்பிள்ளையிடம் இவ்வளவு அக்கறை காட்டும் நாம், நம் பெயரால் சட்டசபைக்குப் போனவர் நடுவில் எழுந்து போய்விட்டால் அதே அக்கறையோடு கேட்கிறோமா? இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் போனதால் எந்தக் கட்சிக்கு லாபம், எந்தக் கட்சிக்கு நஷ்டம் என்று கணக்குப் போடுகிறோம். அதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டின் பதினைந்தாவது சட்டசபையை எடுத்துக்கொள்வோம். 2016 மே மாதம் கூடி, 2021 மே மாதம் முடிந்த சபை அது. தொகுதிகள் 234. பொதுத் தேர்தல் நாள் கடந்த பிறகு, அந்த ஐந்து ஆண்டுகளில் 28 தொகுதித் தேர்தல்கள் தனியாக நடந்தன. அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் திருப்பரங்குன்றமும் இரண்டு தடவை வருவதால், தொகுதிகள் என்று எண்ணினால் 25. அதாவது சுமார் ஒன்பது தொகுதிகளுக்கு ஒன்று. ஒன்பதில் ஒரு தொகுதி மக்கள், "சபையில் எங்கள் ஆள் இல்லை" என்று சில மாதங்களாவது சொல்ல நேர்ந்தது. சிலர் ஆண்டுக் கணக்கில் சொல்ல நேர்ந்தது.

நாற்காலி காலியாவதற்கு முதற் காரணம் மரணம். அதோடு நாம் வாதாட முடியாது. திருப்பரங்குன்றத்தில் வெற்றி பெற்ற சீனிவேல், பதவிப் பிரமாணம் எடுத்துக்கொள்ளு முன்னரே, 2016 மே 25-ஆம் தேதி இறந்தார். மற்ற அங்கத்தினர்கள் பிரமாணம் எடுத்துக்கொண்ட நாளும் அதுதான். அவருக்குப் பின் வந்த ஏ. கே. போஸ் 2018 ஆகஸ்டில் இறந்தார். அந்தத் தொகுதி 2019 மே மாதத்தில் மூன்றாவது மனிதரைத் தேர்ந்தெடுத்தது. முதலமைச்சர் ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-இலும், எதிர்க்கட்சியின் முதுபெருந் தலைவர் கருணாநிதி 2018 ஆகஸ்ட் 7-இலும் மறைந்தார்கள். ஒரே சபையின் ஆயுளுக்குள் தமிழ்நாட்டு அரசியலின் இரண்டு பெரிய நாற்காலிகள் காலியாயின. சேப்பாக்கம் தொகுதியின் ஜெ. அன்பழகன் 2020 ஜூன் 10-இல், தம் பிறந்த நாளன்றே, கொரோனாவுக்குப் பலியானார். இதிலெல்லாம் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

ஆனால் காலன் காலி செய்த இடத்தைக் காசு நிரப்பவிடாமல் தடுத்ததும் உண்டு. ஜெயலலிதாவின் ஆர். கே. நகரில் 2017 ஏப்ரல் 12-இல் நடக்க இருந்த இடைத்தேர்தலை, வாக்காளர்களுக்குப் பணம் விநியோகிக்கப்பட்டதென்று தேர்தல் கமிஷன் ரத்து செய்தது. பிறகு டிசம்பர் 21-இல்தான் தேர்தல் நடந்தது. ஓராண்டுக்கு மேல் அந்தத் தொகுதிக்குப் பிரதிநிதி இல்லை. பொதுத் தேர்தலின்போதே இதே காரணத்தால் தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் வாக்குப்பதிவு நின்று, 2016 நவம்பரில்தான் நடந்தது. கொடுத்த கை யாருடையதாகவும் இருக்கட்டும்; வாங்கிய கைக்கும் இதில் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை.

இரண்டாவது காரணம் உயர்வு. நாங்குநேரி அங்கத்தினர் வசந்தகுமார் 2019-இல் கன்னியாகுமரியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்பது சட்டம். நாங்குநேரியை விட்டார். சட்டப்படி தவறே இல்லை. ஆனாலும், "ஐந்து வருஷத்துக்கு உங்களுக்கு உழைப்பேன்" என்று கேட்டு வாங்கிய வாக்கை மூன்றாம் வருஷத்தில் திருப்பிக் கொடுப்பது எப்படி என்ற கேள்வி மிச்சம் நிற்கிறது. எந்தக் கட்சியும் இதைக் கேள்வியாகவே கருதுவதில்லை.

நான் முக்கியமாகப் பேச விரும்புவது மூன்றாவது காரணத்தைப் பற்றி. 2017 ஆகஸ்ட் 22-ஆம் தேதி, ஆளும் கட்சியின் 19 அங்கத்தினர்கள், முதலமைச்சர் பழனிசாமியிடம் தங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று கவர்னரிடம் கடிதம் கொடுத்தார்கள். ஒருவர் திரும்பிவிட்டார். மற்ற 18 பேரையும் செப்டம்பர் 18-இல் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். "கட்சியை விட்டு நாங்கள் போகவில்லை, முதலமைச்சரை மாற்றத்தான் சொன்னோம்" என்பது அவர்கள் வாதம். உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25-இல் தகுதி நீக்கம் செல்லும் என்றார். வழக்கு நடந்த வரையில் இடைத்தேர்தல் நடத்தக் கூடாதென்று தடை இருந்தது. கடைசியில் வாக்கு எண்ணி முடிந்தது 2019 மே 23-இல். இருபது மாதம்! ஒரு குழந்தை பிறந்து, நடை பழகி, மழலை பேசும் காலம். அத்தனை காலமும் பதினெட்டுத் தொகுதிகள் சபையில் பேசவில்லை.

இந்தச் சட்டம் வந்த கதை நம்மில் பலருக்குத் தெரியும். 1967-இல் அரியானாவில் கயா லால் என்ற அங்கத்தினர் இரண்டு வாரத்துக்குள் மூன்று தடவை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்ற பேச்சு அதிலிருந்து நாடெங்கும் பரவியது. அந்த வெட்கக்கேட்டைத் தடுக்க 1985-இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. கட்சியைத் தானாக விட்டாலோ, கட்சிக் கொறடாவின் கட்டளைக்கு மாறாக வாக்களித்தாலோ பதவி போகும். கட்சியில் மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் தப்பலாம் என்றிருந்த வழியையும் 2003-இல் அடைத்தார்கள். நல்ல நோக்கந்தான். ஆனால் யார் தாவினார், யார் தாவவில்லை என்று முடிவு செய்கிறவர் சபாநாயகர். அவரும் ஒரு கட்சியின் சீட்டில் வென்று வந்தவர். அவர் முடிவை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று 1992-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அந்தப் பரிசீலனைக்கு எத்தனை காலம் பிடிக்கும் என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். அதே 2017-இல், பிப்ரவரி 18-ஆம் தேதி, அதே முதலமைச்சர் நம்பிக்கை கோரியபோது 122 பேர் ஆதரித்தார்கள், 11 பேர் எதிர்த்தார்கள். எதிர்த்த 11 பேரும் அவர் கட்சியின் சின்னத்தில் வென்றவர்களே. ஆகஸ்டில் இரண்டு அணிகளும் இணைந்தன. அந்த 11 பேரின் பதவி போகவில்லை. கடிதம் கொடுத்த 18 பேரின் பதவி போயிற்று. இரண்டுக்கும் சட்ட நுணுக்கத்தில் வித்தியாசம் காட்டலாம், வக்கீல்கள் காட்டினார்கள். ஊர்ச் சாவடியில் உட்கார்ந்து நியாயம் பேசும் ஒரு கிழவருக்கு அதை விளங்க வைப்பது கடினம்.

இனி, தலைப்பில் உள்ள கேள்வி. அந்த நாற்காலி யாருடையது? "என்னுடையது. வெயிலில் நடந்தவன் நான், கும்பிட்டவன் நான். என் மனச்சாட்சி சொல்லுகிறபடி நான் நடப்பேன்" என்கிறார் அங்கத்தினர். "இல்லை, எங்களுடையது. சின்னத்தைப் பார்த்துத்தான் ஜனங்கள் குத்தினார்கள்" என்கிறது கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. கட்சிக் கட்டளையே வேதம் என்றால் சபையில் மனிதர்கள் எதற்கு? கையைத் தூக்கும் பொம்மைகள் போதும். மனச்சாட்சியே எல்லாம் என்றாலோ, மந்திரி பதவி ஆசைக்கும் மனச்சாட்சி என்று பெயர் சூட்டிக்கொள்ள எத்தனை நாழிகை ஆகும்? மனச்சாட்சிக்கு ரசீது கிடையாது. வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு, கொள்கைக்காகப் போனவனும் கூலிக்காகப் போனவனும் ஒரே வாசலில்தான் போகிறார்கள்.

இந்த வழக்கில் மூன்றாவது கட்சிக்காரர் ஒருவர் இருக்கிறார். வாக்காளர். அவரை யாரும் சாட்சிக் கூண்டில்கூட ஏற்றுவதில்லை. ஆனால் தண்டனை மட்டும் தவறாமல் அவருக்குக் கிடைக்கிறது. குடியாத்தத்தைப் பாருங்கள். 2016-இல் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவராகி 2017 செப்டம்பரில் பதவி இழந்தார். 2019 மே மாதம் வேறொருவர் வந்தார். அவர் 2020 பிப்ரவரியில் இறந்தார். கொரோனாக் காலமாதலால் பிறகு இடைத்தேர்தல் இல்லை. அறுபது மாதத்தில் அவர்களுக்குப் பிரதிநிதி இருந்தது சுமார் 25 மாதம். குடியாத்தத்து மக்கள் என்ன பிழை செய்தார்கள்? கட்சி தாவினார்களா, கொறடா சொல்லை மீறினார்களா?

அரவக்குறிச்சியின் கதை இன்னும் விசித்திரமானது. முதலில் தேர்தல் நின்றது. 2016 நவம்பரில் செந்தில் பாலாஜி இரட்டை இலைச் சின்னத்தில் வென்றார். பத்து மாதத்தில் தகுதி நீக்கம். 2018 டிசம்பரில் அவர் தி.மு.க.வில் சேர்ந்தார். 2019 மே மாதத்தில் அதே தொகுதியில் உதயசூரியன் சின்னத்தில் நின்றார்; அதே மக்கள் அவரையே அனுப்பினார்கள். அந்தப் பதினெட்டுப் பேரில் இடைத்தேர்தலில் வென்று மீண்டும் சபைக்கு வந்தவர் அவர் ஒருவரே. மற்றப் பதினேழு தொகுதிகளும் வேறு முகங்களை அனுப்பின. ஆகவே, மனிதனுக்குத்தான் வாக்கு என்பதும் சரியில்லை. சின்னத்துக்குத்தான் வாக்கு என்பதும் சரியில்லை. ஒவ்வொரு தொகுதியும் தன் பதிலைத் தானே வைத்திருக்கிறது. கேட்டால் சொல்லும். கேட்பதற்கு இருபது மாதம் ஆயிற்று என்பதுதான் அநியாயம்.

கேட்கத் துணிந்தவர்களும் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள். 1948-இல் சோஷலிஸ்டுகள் காங்கிரஸை விட்டு வெளியேறியபோது, ஆசார்ய நரேந்திர தேவரும் அவர் தோழர்களும் ஐக்கிய மாகாணச் சட்டசபைப் பதவிகளை ராஜினாமா செய்தார்கள். அப்போது கட்சித் தாவல் சட்டம் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் யாரும் எழுப்ப முடியாது. "காங்கிரஸ் பெயரால் பெற்ற இடம் இது, கொள்கை மாறியபின் இதில் இருப்பது முறையன்று" என்பது அவர்கள் எண்ணம். இடைத்தேர்தலில் மக்கள் முன் நின்றார் நரேந்திர தேவர். தோற்றுப் போனார்! கட்சியின் கணக்கில் அது தோல்விதான். ஆனால் அவருடைய மனச்சாட்சியை இனி எவரும் சந்தேகிக்க முடியாது. அதற்கு அவர் விலை கொடுத்துவிட்டார். முன்பு ரசீது இல்லை என்றேனே, அந்த ரசீது இதுதான்.

என் அபிப்பிராயம் எளியது. நாற்காலி அங்கத்தினருடையதும் அன்று, கட்சியுடையதும் அன்று. கோயில் சொத்துக்குத் தர்மகர்த்தா எப்படியோ, அப்படித்தான் அவர். உத்தரமேரூர்ச் சபைக்கு முதலாம் பராந்தகன் காலத்தில் குடவோலை முறையில் ஆளெடுத்தபோது ஒரு வருஷந்தான் பதவி. முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை. இடத்தை இரவலாகவே கொடுத்தார்கள். இரவல் என்பதை நினைவூட்ட விதியும் வைத்தார்கள். இன்று கொள்கை மாறிய ஒருவர் முதலில் இடத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும், பிறகு போகட்டும். அவரை நீக்குகிறவர்களும் சரி, நீக்கியது நியாயமா என்று விசாரிக்கிறவர்களும் சரி, தொகுதியைக் காக்க வைக்காமல் முடிக்கட்டும். தனி மனிதனின் தவறுக்கு லட்சம் பேரின் வாயைக் கட்டுவது எந்தத் தர்மத்திலும் சேராது.

நம் வீடுகளில் விருந்தாளி புறப்படும்போது "போகிறேன்" என்று சொல்ல மாட்டார். "போய் வருகிறேன்" என்பார். வாசலில் நின்று, வீட்டாரின் முகத்தைப் பார்த்து, அவர்கள் "சரி" என்று தலையசைத்த பிறகுதான் படி இறங்குவார். திரும்பி வரவேண்டுமா இல்லையா என்பதை வீட்டுக்காரர் மனத்தில் வைத்துக்கொள்வார். சட்டசபைக்குப் போனவர்களிடம் நாம் எதிர்பார்ப்பது இந்த அளவு மரியாதைதான்.